கிளட்சிலிருந்து கால் எடுத்தால்

காலை எடுத்தால் சத்தம். காலை வைத்தால் சத்தம் இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது. கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்ததும் அடியில் எங்கேயோ மாவு மிஷினில் கல் மாட்டிய மாதிரி ஒரு அரைப்புச் சத்தம் கேட்கிறது. மறுபடி மிதித்தால் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் கியர் பாக்ஸின் முன்பக்க பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மிதிக்கும்போது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இருக்கிற தொடர்பு விட்டுப்போகிறது, தண்டு சுற்றுவது நிற்கிறது, சத்தமும் நிற்கிறது. பேரிங் அப்படியே கெட்டுப்போய்த்தான் இருக்கும். நாம் அதன் வாயைப் பொத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் அது வேறு நோய். ரிலீஸ் பேரிங். ஏதோ ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரில் பல் போயிருக்கும். இதையெல்லாம் நான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிய ஒன்பது வருஷத்தில் கற்றுக்கொண்டேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வண்டி வழியில் நின்றால் டிரைவரைத்தான் கேட்பார்கள், அந்தப் பயத்தில் காது தானாகவே கூர்மையாகிவிட்டது.

ஒப்பந்தம் முடிந்து வேலை போனதும் பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் குப்பத்துக்கே திரும்பி வந்தேன். வந்தவனை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. துறைமுகம் வேண்டாம் என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் சட்டைப் பையில் கேட் பாஸை வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வேலைக்குப் போனவன். எனக்கு "போர்ட்டுக்காரன்" என்று பெயர். கோபமாகச் சொன்னதைப் பிறகு கேலியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் வலித்தது.

எங்கள் குப்பத்தில் ஆறு வீடுகள் சேர்ந்து ஒரு மீன் வண்டி வைத்திருந்தார்கள். பின்னால் ஐஸ் பெட்டி வைத்த சின்ன லாரி, ஐந்து கியர். அதை ஓட்டுவதற்கும் ஏரியில் வலை போடுகிற அதே முறைதான். ஏரியில் இன்ன துறை இன்ன நாளில் இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைப்பதைப் பாடு என்போம். வண்டியையும் பாட்டில் விட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் தொழில் கிடையாது, அன்று மத்தியானம் ஐஸ் ஃபாக்டரி முன்னால் வண்டி கை மாறும். பாடு முடிந்தவர் சாவியை நீட்டுவார். வாங்குகிறவர் நாலு பேர் காதில் விழ "நல்லாயிருக்கு" என்று சொல்லி வாங்கவேண்டும். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வண்டியில் எது போனாலும் வாங்கினவர் பொறுப்பு. யார் பாட்டில் வண்டி ரிப்பேருக்கு ஷெட்டுக்குப் போகிறதோ அவருக்கு அடுத்த சுற்றில் பாடு இல்லை. கண்டபடி ஓட்டி வண்டியை நாசமாக்கக்கூடாது என்று வைத்த சட்டம். நல்ல சட்டம்தான். அதை வைத்து ஒருவனைக் கவிழ்க்கலாம் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

ஆறு வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் மகள் வீட்டோடு போய்விட்டபோது அந்த இடம் காலியானது. எனக்காக அதைக் கேட்டவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்து வீடு. என் கல்யாணத்தில் பந்தக்கால் நட்டவர், போர்ட்டுக்காரன் என்று ஒரு நாளும் என்னைக் கூப்பிடாதவர். கூட்டத்தில் எழுந்து நின்று, "இவன் காது மெக்கானிக் காது. இவன் வந்தா நம்ம வண்டி ரோட்ல நிக்காது. இவனுக்கு நான் ஜவாப்பு" என்றார். பொறுப்பு ஏற்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள். புதிதாக வருகிறவன் தனக்கு ஜவாப்பு சொன்னவருக்கு அடுத்த பாட்டில் உட்காரவேண்டும் என்பதும் ஊர் வழக்கம். ஆகவே அண்ணன் பாடு முடிந்ததும் என் பாடு. எனக்கு அடுத்தது நண்டு வியாபாரம் செய்கிற அக்கா வீட்டுப் பாடு. அந்த அக்கா கூட்டத்திலேயே என்னை வேண்டாம் என்றவர். "போர்ட்டுல வேல போனப்பறம்தான் ஊரு ஞாபகம் வந்துச்சா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்.

என் மூன்றாவது பாட்டுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை காலையில், அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, வண்டில இன்னாவோ ஒரு சத்தம் வருது. கூட வந்து ஒரு காது குட்த்துப் பாரு."

பெருமையாக இருந்தது எனக்கு. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது, ஆனால் அன்று நிஜமாகவே பெருமையாக இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் ஏறிவிட்டேன். பொன்னேரி ரோட்டில் ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு நீட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். அதன் நுனியை கியர் பாக்ஸின் முன்பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டேன். அப்படி வைத்தால் உள்ளே நடப்பது நேராக மண்டைக்குள் கேட்கும்.

"மிதிங்கண்ணா."

சத்தம் நின்றது.

"எடுங்க."

வந்தது. மண்டைக்குள் யாரோ கண்ணாடித் துண்டை மெல்வது போல இருந்தது. இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னேன், எடுக்கச் சொன்னேன். அண்ணனுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. நான் சொல்லாமலே இரண்டு மூன்று தடவை மிதித்து எடுத்துப் பார்த்தார். மேலேயிருந்து அவர் சிரிப்பது கேட்டது.

"இன்னாடா இது, லைட்டு சுச்சி மாரி கீது! கால வச்சா ஆஃப்பு, எட்த்தா ஆனு!"

நானும் அடியில் படுத்தபடியே சிரித்தேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, முன் பேரிங் போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றேன்.

"எத்தினி நாளு தாங்கும்?"

"நாலு லோடு தாங்கினா பெர்சுண்ணா. அதுக்கு மேல வுட்டா பொட்டிக்குள்ளயே ஒடஞ்சி கியரயும் சேத்து துன்னுடும்."

அவர் விரலை மடக்கி எண்ணியதை நான் பார்த்தேன். என்ன எண்ணுகிறார் என்று கேட்கவில்லை. பிறகு என் தோளில் கை போட்டார்.

"ஊர்ல மூச்சு வுடாத. வெள்ளிக்கெயம காலைல பொன்னேரிக்கு எட்த்துகினு பூட்றேன். கூட்டத்துல தெரிஞ்சா எனுக்கு அட்த்த பாடு பூட்ச்சி. எறா நேரம் வேற."

அந்த அடுத்த பாட்டின் அருமை ஊருக்கே தெரியும். மழை அடித்து முகத்துவாரம் திறந்தால் ஏரியில் இறால் இறங்கும், அந்த வாரங்களில் வண்டி யார் கையில் இருக்கிறதோ அந்த வீட்டில் அந்த வருஷம் சிரிப்பு. எனக்கும் அதுதான் முதல் இறால் பாடாக இருந்திருக்கும். அதில் ஒழுங்காக லோடு இறக்கிவிட்டால் போர்ட்டுக்காரன் என்கிற பெயரே மறந்துபோகும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அண்ணனின் பயம் எனக்குப் புரிந்தது. சொல்லமாட்டேன் என்றேன். எனக்காக ஊர் முன்னால் நின்றவருக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். மத்தியானம் வண்டி பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. ஐஸ் ஃபாக்டரி முன்னால் ஊர்த் தலைவர், அக்கா, இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கேளு தம்பி. ஒரு சத்தம் கீதா?"

கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இன்ஜின் வெண்ணெய் போல ஓடியது.

"நல்லாயிருக்கு" என்றேன். நாலு பேருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். பிறகு இறங்கினார். பிறகு சாவியைக் கொடுத்தார். நானே ஒரு முறை ஏறி ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கலாம். ஆனால் ஜவாப்பு சொன்னவர் கையிலிருந்து வாங்கும்போது அப்படிச் சோதிப்பது அவர் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். யாரும் செய்ததில்லை. நானும் செய்யவில்லை.

சனிக்கிழமை அங்கேயே லோடு ஏற்றும்போது பக்கத்தில் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. பிறகு ரோடு, குழி, ஐஸ் பெட்டியின் ஆட்டம். மாற்றிய பேரிங்தானே என்று நானும் காதைத் தீட்டவில்லை. கேட்க நினைக்காதவனுக்கு எது கேட்கும்?

அனுப்பம்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்தேன்.

சத்தம் வந்தது. அதே கண்ணாடித் துண்டு. மூன்று நாளில் இன்னும் நன்றாக மென்றிருந்தது.

மிதித்தேன், நின்றது. எடுத்தேன், வந்தது. முதலில் நான் திட்டியது பொன்னேரி மெக்கானிக்கை. புது பேரிங்கைச் சரியாக உட்காரவைக்காமல் அண்ணனை ஏமாற்றிவிட்டான் என்று வாய்க்குள் கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. இறங்கி ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் புகுந்தேன். கியர் பாக்ஸைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தலையிலும் பழைய எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அடை போல அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்டால் முதலில் உதிர்வது அதுதான். ஒன்றில்கூட உதிரவில்லை. மேலே கழுவியிருந்தார்களே தவிர, அடியில் ஒரு கைகூடப் படவில்லை.

படுத்தபடியே கிடந்தேன். ரயில் போனது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சீட்டைவிட்டு இறங்கவில்லை. இடது கால் பெடலிலேயே இருந்தது. முதலில் சாவியைத் திருப்பினார், இன்ஜின் செத்த பிறகுதான் காலை எடுத்தார். புதன்கிழமை விரல் மடக்கி எண்ணியதும் அப்போதுதான் விளங்கியது. நாலு லோடு என்று சொன்னேன் அல்லவா? புதன் ஒன்று, வியாழன் இரண்டு. மீதி இரண்டும் என் பாட்டில்.

அடியிலிருந்து ஊர்ந்து வந்து வண்டியை எடுத்தேன். கோபம்கூட அப்புறம்தான் வந்தது.

லோடைப் பாழாக்கவில்லை. நாலாவது கியரில் போனால் அந்த பேரிங் மேல் சுமை குறையும், அதனால் கூடுமானவரை நாலிலேயே உருட்டி மீனைக் கொண்டு சேர்த்தேன், அப்படியே திரும்பியும் வந்தேன். வழியில் எத்தனையோ ஷெட் இருந்தது. ஊர் கேட்காமல் வண்டியைத் திறக்கக்கூடாது என்பதும் சட்டம். இந்தச் சட்டமாவது என் பக்கம் நிற்கும் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் அவர் காலை எடுக்கவைத்தால் போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் கூட்டம் கூடியது. ஆறு வீட்டுக்காரர்களும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அண்ணனை சீட்டில் உட்காரச் சொன்னேன். ஸ்டார்ட் செய்தார். கால் பெடலில். சத்தமில்லை.

"ஒரு கொறையும் இல்லியேப்பா" என்றார் தலைவர்.

"கால எடுங்கண்ணா" என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். தயங்குவார் என்றாவது நினைத்தேன். அவர் சாதாரணமாகக் காலை எடுத்தார். வண்டி அலறியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, தலைவரைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"பேரிங் பூட்ச்சின்னு தம்பிக்குப் புதங்கெயமையே தெரியும். அடில பட்த்துக் கேட்டுட்டு எங்கைல சொன்னதே அவன்தான். நாலு லோடுதான் தாங்கும்னு கணக்கா சொன்னான். தெரிஞ்சிதானே சாவிய வாங்கிகினு நல்லாயிருக்குன்னான்? நான் இன்னா அவன் வாயப் புட்ச்சி இஸ்த்தனா?"

தலைவர் என்னிடம் திரும்பினார். "தெரியுமாப்பா?"

"தெரியும். ஆனா அண்ணன் மாத்திட்டேன்னு..."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் அண்ணன்.

நினைத்துப் பார்த்தேன். அவர் சொல்லவே இல்லை. பொன்னேரிக்குப் போகிறேன் என்றார், போனார். ஒரு சத்தம் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. மாற்றிவிட்டேன் என்ற வார்த்தையை நானாகப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

அக்காதான் குறுக்கே பேசினார். "அவருக்குந்தான் தெரிஞ்சிருக்கு, அத்த யாரு கேக்கறது?"

"ரெண்டு பேருக்கும் தெரியும்மா. நல்லாயிருக்குன்னு சொன்னது யாரு?" என்றார் தலைவர்.

முடிந்தது. இறால் பாடு எனக்கில்லை. கலையும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் போர்ட்டுக்காரன் என்றார்கள். இந்தத் தடவை கேலியாக இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அண்ணன் வீட்டு அண்ணி மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். என் மனைவி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. கடைசியில் சாப்பிட்டோம். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பக்கூடாது என்று அவள் சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்பினாள். குழம்பு நன்றாகவே இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேரிங் மாற்றினார்கள். மழை வந்தது, முகத்துவாரம் திறந்தது, இறால் இறங்கியது. என் பாடு இல்லாத அந்தச் சுற்றில் நான் அக்காவிடம் ஐஸ் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனேன். வேண்டாம் என்ற அதே அக்காதான் கூப்பிட்டார். "கூட்டத்துல உன் மூஞ்சப் பாத்தேன். பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது" என்றார். அவ்வளவுதான் ஆறுதல். ஆனால் அந்த மனுஷி அப்படிச் சொன்ன பிறகுதான் நான் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அண்ணன் பாட்டின் கடைசி நாள், வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் வண்டி கை மாறவேண்டும். என் இடம் விட்டுப்போனதால் இந்தத் தடவை நேராக அக்காவுக்குப் போகும். நான் ஐஸ் ஃபாக்டரி வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்சம் தள்ளி நண்டு கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி அதே குரல்.

"தம்பி, இந்த தபா மிதிச்சா சத்தம் வருது. எட்த்தா இல்ல. இன்னா அது?"

ரிலீஸ் பேரிங். கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் முதலில் போகும். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். நான் பதில் சொல்வதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

"எத்தினி நாளு தாங்கும்?"

 புளியமரத்தடியில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு இவருக்குத் தெரியவேண்டியிருந்தது இரண்டே விஷயம்தான். எங்கே கால் வைத்தால் சத்தம் நிற்கும், எத்தனை நாள் தாங்கும். இரண்டையும் சொல்லிக்கொடுத்தவன் நான். அடியில் படுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா! கொஞ்சம் இங்க வாங்க" என்று கத்தினேன்.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். வேறு இரண்டு மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மிதிங்கண்ணா" என்றேன்.

அவர் மிதிக்கவில்லை. இடது காலைத் தூக்கி சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டார். இன்ஜின் வெண்ணெய் போல ஓடிக்கொண்டிருந்தது.

"மிதிங்கண்ணா. அக்கா கேக்கட்டும்."

அக்காவுக்குப் பேரிங் தெரியாது, ஆனால் மனுஷர்களைத் தெரியும். மடித்த காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கு நானே ஏறி மிதிச்சிப் பாத்துட்டுத்தான் சாவி வாங்குவேன். வயக்கமாவது மண்ணாவது!" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நண்டு கட்டப் போய்விட்டார்.

அண்ணன் இன்ஜினை அணைத்தார். ஐஸ் மிஷினும் ஓடாத நேரம் அது. அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். கூட்டத்து நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. கண் கலங்கியிருந்தது. நடிப்பென்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் நடிப்பில்லை.

"ஊரே உன்ன வாணான்னப்ப நின்னவன்டா நானு. உனுக்கு இன்னா கொற வச்சேன்? இப்டி நாலு பேர் முன்னால காட்டிக் குட்த்துட்டியே" என்றார்.

சண்டைக்கு எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.  கூடையைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தேன், கழுவின கூடையையே கழுவினேன். அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார் என்று தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற கொஞ்ச நேரம் நானும் அப்படித்தான் நம்பினேன்.